விறகு பொறுக்க வந்தவள்

விருதுநகர் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்ற பலவேசத்தின் ரெக்சின் பையில், மாற்று வேட்டிக்கும் பனியனுக்கும் நடுவே, அவருக்கு வராத கடிதம் ஒன்று இருந்தது. பழுப்பு உறை, மேலே அரசாங்க முத்திரை. 'சினேகா, லேபிள் பிரிவு' என்று எழுதிக் கீழே கம்பெனி விலாசம். அந்தச் சினேகா பத்தடி தள்ளி, தாய் சண்முகத்தாய் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சென்னையில் நடக்கப்போகும் ஜப்பான் கார்ட்டூன் திருவிழாவுக்குப் போகிற சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தாள். வயது பத்தொன்பது. விருதுநகருக்கு வடக்கே அவள் போவது அதுதான் முதல் தடவை.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். ஆவணி மாதம் பட்டாசுக் கம்பெனியில் நடந்த தீ விபத்தைப் பற்றி வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாத்தூரில் விசாரணை. சாட்சியாக நேரில் வரவேண்டும். திருவிழா தொடங்குவதும் அதே வெள்ளிக்கிழமை, அதே பத்து மணி. இரண்டுக்கும் நடுவில் ஐந்நூறு கிலோமீட்டர். அந்த ஐந்நூறு கிலோமீட்டரை ஏற்பாடு செய்தவர் முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சி. கூட்டிக்கொண்டு போகிற ஆள் பலவேசம்.

சாட்சிக்கு வந்த கடிதம் முதலாளி மேசைக்கு எப்படிப் போனது என்றால், கம்பெனி இருக்கிற தாயில்பட்டிப் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு பழக்கம். யார் விலாசம் கேட்டாலும் கம்பெனி விலாசத்தைச் சொல்லிவிடுவார்கள். தெருவுக்குப் பேர் இல்லை, வீட்டுக்கு நம்பர் இல்லை. கம்பெனி கேட்டில்தான் ஆளுயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கும், தபால்காரர் கண்ணுக்கும் அதுதான் முதலில் படும். விபத்தன்று நோட்டும் பேனாவுமாக வந்து நின்ற அதிகாரியிடம் சினேகா அந்த விலாசத்தையே சொன்னாள். ஆக, யாருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்களோ அவர்கள் வீட்டு வாசலுக்கே அழைப்பு வந்து சேர்ந்தது. வெளிவேலை பார்க்கிற பலவேசம் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அது நடந்து பத்து நாள்.

அண்ணாச்சி கடிதத்தைப் படித்தார். மடித்தார். ஒளித்து வை என்றோ கிழித்துப் போடு என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேரனைப் பற்றிப் பேசினார்.

"நம்ம தருண்குமாரு பட்டணத்துல என்னமோ பொம்மைக் கூத்து நடத்துதானாம் வே. நம்ம லேபிள் பிள்ளை அந்த மாதிரிதான வரையுது. கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வாரும். பாவம், ரெம்ப நாளா ஆசைப்படுது."

சொல்லிக்கொண்டே கடிதத்தை மேசையில் இந்தப் பக்கமாகத் தள்ளினார். பலவேசம் முப்பது வருஷம் விருதுநகர் வத்தல் மார்க்கெட்டில் தரகு பார்த்தவர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை முடித்த கை. அவருக்கு வாய் திறந்து சொல்லவேண்டிய தேவை இல்லை. இரண்டு மகசூல் காலம் அடுத்தடுத்துக் காலை வாரி, தரகு நொடித்துப்போய் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தவர் அண்ணாச்சி. நாற்காலி கொடுத்தவர் என்ன கேட்பார் என்று உட்காரும்போது யாரும் யோசிப்பதில்லை.

கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. அது நல்ல மனசு அல்ல, தொழில் புத்தி. தன் கையெழுத்து எங்கோ ஒரு நோட்டில் இருக்கும்போது, வாங்கிய காகிதத்தைக் கிழித்தவன் நாளைக்குத் தனியாக மாட்டுவான். அதனால் வேட்டிக்கும் பனியனுக்கும் நடுவே வைத்துக்கொண்டார்.

விபத்தில் செத்தது ஐந்து பேர். அறை எண் பதினொன்று. பேன்சி ரகத்துக்கு மருந்து அடைக்கிற அறை. நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கும். செத்தவர்களில் நாலு பேர் கம்பெனிப் பதிவேட்டில் இருந்தார்கள். கணக்கு சரியாக இருந்தது, அண்ணாச்சி தாமே நாலு வீட்டுக்கும் நேரில் போய்த் துக்கம் கேட்டார். ஐந்தாவது பஞ்சம்மாள். பதினாறு வருஷமாக அங்கே வேலை பார்த்தவள் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வேலி ஓரமாக விறகு பொறுக்க வந்தவள், பாவம், மாட்டிக்கொண்டாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அந்த அறையில் இருந்து தீக்காயத்தோடு பிழைத்த நாலு பேர் இன்னமும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு அன்றைக்கு நடந்தது எதுவும் ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பதாகச் சொன்னது ஒரே ஒரு ஆள், அதுதான் இந்த லேபிள் பிள்ளை.

பஞ்சம்மாளின் புருஷன் இருளாண்டி, அவள் கம்பெனி ஆள்தான் என்று மனுப் போட்டுவிட்டு, அச்சங்குளத்தில் மகள் ஓவியா வீட்டோடு போய்த் தங்கிவிட்டார். போன வாரம் சாத்தூர் டீக்கடையில் பலவேசத்தைப் பார்த்து, அந்தப் பிள்ளைக்குக் காயிதம் வந்ததா என்று கேட்டார். வந்தது, கொடுத்தாயிற்று, ஆனால் சின்னப் பிள்ளைதானே, பயப்படுகிறது, வற்புறுத்த வேண்டாம் என்று பலவேசம் சொன்னார். டீக்கும் அவரே கொடுத்தார். ஈர வத்தலை உள்ளங்கையில் வைத்து, காய்ந்த சரக்கு என்று சத்தியம் பண்ணி விற்றவருக்கு அது பெரிய பொய்யாகவே படவில்லை.

ரயில் வந்தது. சண்முகத்தாய் மகளை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"தனியா அனுப்புறோமேன்னு எனக்கு வெசனமே இல்ல அண்ணாச்சி. நீங்க கூட இருக்கீக."

பலவேசம் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்ய.

வழியெல்லாம் சினேகா பேசிக்கொண்டே வந்தாள். சின்ன வயசில் பக்கத்து வீட்டு டிவியில் ஜப்பான் கார்ட்டூன்கள் தமிழ் பேசுவதைப் பார்த்துச் சிலேட்டில் வரைந்தது. லேபிள் ஒட்டுகிற வேலைக்கு வந்த இடத்தில், கம்பி மத்தாப்புப் பெட்டிக்குப் பெரிய கண்ணோடு ஒரு பெண்ணை வரைந்து கொடுத்தது. லீவுக்கு வந்த தருண்குமார் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, இதை வரைந்தது யார் என்று கம்பெனி முழுக்கத் தேடியது. எல்லாம் சொன்னாள். இந்தக் கார்ட்டூன் ரசிகர்களிடம் படத்தை மட்டும் காட்டினால் போதாதாம். அந்தப் பெண்ணுக்கு எந்த ஊர், என்ன சக்தி, அவள் சனத்தை அழித்தது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்களாம். நிறுத்தாமல் பதில் சொல்ல வேண்டுமாம். அதற்கென்றே பன்னிரண்டு படத்துக்கும் கதையை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். பலவேசம் உம் கொட்டினார். தலைக்கு அடியில் பை இருந்தது. உறை கழுத்தில் உறுத்துவது போலிருந்தது. திருப்பிப் போட்டுப் படுத்தார்.

வியாழக்கிழமை காலை எழும்பூரில் இறங்கியதும் ஒரு கூத்து. படங்களைச் சுருட்டி எடுத்துவர அவளுக்குக் கிடைத்தது வான வெடிக்கு மருந்து அடைக்கிற கெட்டிக் காகிதக் குழாய். தாயில்பட்டியில் அதைவிட வாகான சாமான் கிடையாது. அதில் குடையைச் சொருகி வைப்பார்கள், பிள்ளைகள் கரும்பை ஒளித்து வைக்கும். பிளாட்பாரத்தில் நின்ற போலீஸ்காரருக்கு அது குடைக்கூடாகத் தெரியவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். சிவகாசிப் பக்கம் என்று இந்தப் பிள்ளை சிரித்த முகமாகச் சொன்னது. குழாயில் கரிமருந்து வாசம் வேறு. இரண்டு நிமிஷத்தில் நாலு போலீஸ்காரர்கள்.

பலவேசம் முன்னால் போய், முப்பது வருஷத் தரகு நாக்கை அவிழ்த்துவிட்டார். ஐயா, சத்தியமா இது வெறும் படம், புள்ள பரிசு வாங்கப் போகுது, நீங்களே ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க நல்லாயிருக்கான்னு. படங்களை வெளியே உருவி அங்கேயே பிளாட்பாரத்தில் விரித்தார்கள். வாள் வைத்த பெண், இறக்கை வைத்த பெண், நரி வால் வைத்த பெண். கடைசிப் படத்தை விரித்தபோது பலவேசத்தின் நாக்கு ஒட்டிக்கொண்டது.

சேலைக்கு மேலே புருஷனுடைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது பட்டாசுக் கம்பெனிப் பெண்களின் வழக்கம். படத்தில் அந்தச் சட்டை முழங்காலுக்குக் கீழே நீண்டு, ராஜாங்கத்துத் தளபதியின் மேலங்கி போலக் காற்றில் பறந்தது. தலையில் கட்டிய துண்டு கிரீடமாகியிருந்தது. கண்கள் முகத்தில் பாதி. ஆனால் மூக்குக்குப் பக்கத்து மருவும், இடது புருவம் பாதியில் நின்றுபோனதும் பஞ்சம்மாளேதான். இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளி. அவளுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவரில் 'அறை எண் 11. ஆட்கள் 4' என்று எழுதியிருந்தது. அதன்மேல் நிழல்கள்.

போலீஸ்காரர் அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

திருவிழா நடக்கிற இடம் வடபழனியில் ஒரு கல்யாண மண்டபம். அதைக் கேட்டதும் பலவேசத்துக்குத் தருண்குமார் மேல் முதன்முதலாக மரியாதை வந்தது. மார்கழி பிறந்து இரண்டு நாள். இந்த மாதம் முழுக்க ஒரு கல்யாணமும் நடக்காது, மண்டபத்துக்காரன் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான், வாடகையைக் காலில் போட்டு மிதிக்கலாம். பையனுக்குப் பாட்டன் ரத்தம் கொஞ்சம் ஓடத்தான் செய்கிறது.

உள்ளே நுழைந்தால் அந்த மரியாதையைத் தூக்கி வைக்க இடமில்லை. மணமேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு அட்டை டிராகன் நின்றது. மணமகன் அறையிலிருந்து நீலத் தலைமுடியோடு ஒரு பையன் பல் விளக்கிக்கொண்டு வந்தான். பந்திக் கூடத்து மேசைகளை வரிசையாகப் போட்டுக் கடை பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெர்மாக்கோல் வாளுக்கு ஒருத்தி வெள்ளிக் காகிதம் ஒட்டினாள். வாசலில் 'நல்வரவு' என்று எரிகிற விளக்குப் பலகையை அணைக்கச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. இவ்வளவு பிள்ளைகள் வேலைவெட்டி இல்லாமல் இருப்பதைப் பார்த்தால் நாட்டில் பஞ்சம் இல்லை என்று பலவேசம் முடிவுக்கு வந்தார்.

தருண்குமார் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான். தாத்தா இதற்குச் சம்மதிப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். பொம்மைப் பைத்தியம் என்று திட்டியவர், இந்த வருஷம் தாமே போன் போட்டு, என்ன வேண்டும் கேள் என்றாராம்.

"தாத்தா மாறிட்டாரு மாமா," என்றான்.

பலவேசம் அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு ஓட்டையும் இல்லாத முகம். விலை ஏன் திடீரென்று இறங்குகிறது என்று ஒருநாளும் கேட்டுப் பழகாத முகம்.

பெண்களுக்கெல்லாம் மணமகள் அறை. சினேகா ஜமுக்காளத்தை விரித்து, புளிச்சோற்றைப் பிரித்து, அங்கிருந்த ஏழு பேருக்கும் பங்கு வைத்தாள். கீர்த்திகா என்று ஒரு கல்லூரிப் பெண், தருணுடைய சிநேகிதி, பச்சைத் தலைமுடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ஊரில் இருந்து ஓவியர் வந்திருக்கிறார் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சினேகாவை அதுவரை யாரும் ஓவியர் என்று சொன்னதில்லை. மேசையில் அவள் பேரை அச்சடித்து வைத்திருந்தார்கள். அவள் அதை இரண்டு தரம் தொட்டுப் பார்த்ததைப் பலவேசம் கவனித்தார்.

படங்களை மாட்டுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். உதவி செய்கிற மாதிரிதான். பஞ்சம்மாளைத் தூண் மறைவில், டிராகன் வாலுக்குப் பின்னால் மாட்டினார். நாளைக்கு ஒரு பொழுது போய்விட்டால் சரி. சினேகா வந்து பார்த்துவிட்டு அதைக் கழற்றி, பலகையின் நடுவில், வாளும் இறக்கையும் வைத்தவர்களுக்கு மேலே குத்தினாள்.

"ஒசரமா இருக்கட்டும் அண்ணாச்சி. அத்தை குட்டை, தெரியும்லா? எல்லாப் போட்டோவுலயும் பின்னால மறஞ்சிருவாக."

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் அந்த மேசைக்கு முன்னால் சேர்ந்தது. நாளைக்குக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஒத்திகை பார்ப்போம் என்றாள் கீர்த்திகா. வாள் பெண்ணுக்கு என்ன ஊர், நரிப் பெண்ணுக்கு என்ன சாபம் என்று வரிசையாகக் கேட்டார்கள். சினேகா முதலில் தடுமாறினாள், பிறகு சூடு பிடித்துக்கொண்டாள். பலவேசம் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியும் மூடாமலும் உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல இருக்காங்களே, இவங்க யாரு? எந்தக் கதைலயும் பார்த்ததில்லையே," என்று கேட்டாள் கீர்த்திகா.

"இவுக பேரு பஞ்சம்மாள்."

"பவர்?"

"ஒரு நாளைக்கு ஆயிரத்தி இருநூறு குழாய்க்கு மருந்து அடைப்பாக. எங்க கம்பெனில வேற யாராலயும் முடியாது."

சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான். கை ஏன் வெள்ளியாக இருக்கிறது, மந்திரமா என்று நீலத்தலைப் பையன் கேட்டான்.

"அலுமினியப் பொடி. சீயக்காய் போட்டுத் தேச்சாலும் போவாது. முத முதல்ல வேலைக்குப் போனப்ப எனக்குச் சோறு ஊட்டிவிட்டது அந்தக் கைதான். நான் அளுதுக்கிட்டே இருந்தேன்."

கீர்த்திகா படத்துக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். சுவரில் ஆட்கள் நாலு என்று போட்டிருக்கிறது, நிழலை எண்ணினால் ஒன்பது வருகிறதே, தப்பா என்று கேட்டாள்.

பலவேசம் கண்ணைத் திறந்தார்.

"தப்பு இல்ல," என்றாள் சினேகா. மனப்பாடம் பண்ணின குரல் இல்லை இப்போது. "அன்னைக்கு நான்தான் லேபிள் கட்டு கொண்டு போனேன். ஆளுக்கு ஒரு கட்டு. ஒம்பது கட்டு எண்ணி ஒம்பது கையில குடுத்தேன். அத்தை கடைசி, கதவோரம். ஏலே, தண்ணி குடிச்சிட்டுப் போன்னாக. இல்லத்தை, அடுத்த ரூமுக்கும் குடுக்கணும்னு வந்துட்டேன். ஒரு அறுவது அடி நடந்திருப்பேன்."

அவர்களுக்கு இது கதையா இல்லையா என்று பிடிபடவில்லை. நீலத்தலைப் பையன்தான், கேட்கவேண்டிய கடைசிக் கேள்வி அதுதானே என்பது போலக் கேட்டான்: "அப்போ வில்லன் யாரு?"

சினேகா கொஞ்சம் யோசித்தாள்.

"அது இன்னும் முடிவாவல. வெறகு பொறக்க வந்தவன்னு எழுதிருக்காக. விசாரணை வைப்பாகளாம். எனக்குக் காயிதம் வரும், வந்தா போயி இதைச் சொல்லணும். அதுக்குத்தான் மறந்துறக் கூடாதுன்னு வரஞ்சு வச்சிருக்கேன்."

பலவேசம் எழுந்து வெளியே போனார். செருப்பு விடுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு என்று அவருக்குத் தெரியும். விலை இல்லாத வேலையை அவர் செய்ததில்லை. ஆனால் சரக்கைக் கண்ணால் பார்க்காமல் விலை பேசியது இதுதான் முதல் தடவை. மார்க்கெட்டில் அதைச் செய்கிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். கடிதம் என்று நினைத்து மடியில் வைத்திருந்தாரே, அதற்குள் இருந்தது ஒன்பது கட்டு லேபிளும் கதவோரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும்.

திரும்பி வந்து, சினேகாவைத் தனியே பந்திக்கூடத்துக் கைகழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனார். மணி மூன்றரை. உறையை எடுத்து நீட்டினார். முப்பது வருஷ நாக்கு அந்த நேரத்தில் வேலைக்கு வரவில்லை.

அவள் பிரித்துப் படித்தாள். ஒரு தடவை. மறுபடியும் மேலேயிருந்து. உறையைத் திருப்பி, தபால் முத்திரையில் தேதியைப் பார்த்தாள். உதடு அசைந்தது, நாளை எண்ணினாள்.

அந்த நேரம் பார்த்து பலவேசத்தின் செல்போன் அடித்தது. அண்ணாச்சி. எடுக்காமல் இருக்க முடியாது. எடுத்தார்.

அண்ணாச்சி குஷியாக இருந்தார். மண்டபம் எப்படி, பேரன் சாப்பிட்டானா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். இன்று காலை இருளாண்டியை ஆபீசுக்கு வரவழைத்தாராம். மகளுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை. பஞ்சம்மாள் விறகு பொறுக்கத்தான் போனாள் என்று எழுதிய தாளில் கைநாட்டு வாங்கியாயிற்று.

"ரெண்டு மாசமா மசியாத பய வே. நான் ஒண்ணும் மிரட்டல. ஒனக்காகச் சாட்சி சொல்ல ஒரு பிள்ளை இருந்துச்சே, அது பட்டணத்துல திருவிழாப் பாக்கப் போயிருச்சுப்பான்னு மட்டும் சொன்னேன். ரயில் டிக்கெட்டு நகலைக் காமிச்சேன். அம்புட்டுத்தான். கொஞ்ச நேரம் தரையப் பாத்துக்கிட்டு இருந்தான், பொறவு வச்சிட்டான். சரி, பிள்ளை எங்கன இருக்கு?"

பிள்ளை இரண்டடி தள்ளி, கையில் கடிதத்தோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"படம் மாட்டிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி," என்றார் பலவேசம்.

போனை மடக்கினார். இப்போதுதான் அவருக்குத் தராசு முழுசாகத் தெரிந்தது. பிள்ளையை ஊரை விட்டு அகற்றியது பாதி வேலைதான். அகன்றுபோன பிள்ளையைக் காட்டிக் கிழவனை உடைத்தது மறுபாதி. ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார் அண்ணாச்சி. இந்தப் பயணமே அந்தச் சரக்கு. தான் அதைச் சுமந்து வந்த கூலி ஆள். இருளாண்டி ஏற்கெனவே பாதி உடைந்திருந்தார். பிள்ளை பயப்படுகிறது என்று டீக்கடையில் வைத்து உடைத்தவர் பலவேசம்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னார். கைநாட்டு, ஓவியாவுக்கு வேலை, டிக்கெட்டு நகல், டீக்கடை எல்லாவற்றையும்.

சினேகா அழுவாள் என்று நினைத்தார். அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். சுத்தமாக இருந்த கையைத்தான் கழுவினாள், வெகுநேரம்.

"நான் வர மாட்டேன்னு நெனச்சிட்டாக அண்ணாச்சி," என்றாள். "பத்து நாளைக்கு முன்னால இதைக் குடுத்திருந்தீகன்னா, அச்சங்குளம் போயி இருளாண்டி மாமா முன்னால நின்னிருப்பேன். அவுக வச்சிருக்க மாட்டாக."

"தெரியும் தாயி."

"தெரிஞ்சு என்ன."

இருளாண்டியே எழுதிக் கொடுத்த பிறகு நீ போய் என்ன ஆகும், அந்தத் தாளைத்தான் மேலே வைப்பார்கள், உன் வேலையும் போகும், அம்மா வேலையும் போகும் என்று பலவேசம் இருக்கிற நிலவரத்தை மட்டும் சொன்னார். பேரமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது.

"இதுல மாமா பேரா போட்ருக்கு? என் பேருல்லா போட்ருக்கு," என்றாள். கடிதத்தை நாலாக மடித்துச் சுடிதார் மடிப்பில் செருகிக்கொண்டாள். "அவுகளுக்குக் கைநாட்டு. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

தருண்குமாரிடம் பலவேசம்தான் பேசினார். தாம்பரத்தில் பிள்ளைக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள், பார்த்துவிட்டுக் காலையில் வந்துவிடும் என்றார். தருண் சந்தேகப்படவில்லை. திறப்பு விழாவுக்கு முன்னால் வந்துவிட வேண்டும், நாளைக்கு அவள் மேசைதான் முக்கியம் என்று மட்டும் சொன்னான். அவன் குரலில் இருந்த அந்தச் சந்தோஷத்தைக் கேட்க பலவேசத்துக்கு என்னவோ போலிருந்தது.

கோயம்பேட்டில் ஆறு மணித் திருநெல்வேலி வண்டி. விடிவதற்கு முன்னால் சாத்தூரில் இறக்கிவிடும். இரண்டு பிள்ளைகளோடு போகிற ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் சீட்டுப் பார்த்து உட்காரவைத்தார். சண்முகத்தாய்க்குப் பக்கத்து வீட்டுப் போனில் சொல்லி, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கச் சொன்னார். ஏன் என்று அந்தத் தாய் கேட்டாள். உன் மகளே சொல்லும் என்றார். தானும் கூட வருவதாகச் சொன்னதற்குச் சினேகா வேண்டாம் என்றுவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் வேண்டாத சாமானை ஒதுக்கிவைப்பது போலச் சொன்னாள்.

வண்டி கிளம்புகிற நேரம் மண்டபத்தை விட்டுக் கிளம்பிய பிறகு முதல்முறையாக, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"மேசையில ஆள் இல்லன்னா தருண் சாரு தாத்தாவுக்குப் போன் போட்டுருவாரு. அதனால நீங்க அங்கனயே இருங்க. பதினோரு படத்தையும் என்ன விலைக்கு வேணாலும் குடுங்க. அத்தை படத்தைக் குடுக்கக் கூடாது. யாரும் கேட்டா யாருன்னு சொல்லுங்க."

"நான் என்ன தாயி சொல்ல?"

"பக்கத்துலதான உக்காந்திருந்தீக. கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக."

வண்டி போய்விட்டது. நாளைக்கு இந்நேரம் அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நாற்காலி போகும். நாற்காலியோடு போனால் லாபம். விருதுநகர் பஜாரில் அண்ணாச்சிக்கு வேண்டாத ஆளிடம் ஒருவன் நின்று விலை கேட்க மாட்டான். அவ்வளவும் போய், அந்தப் பிள்ளை சொல்வதை யாராவது எழுதிக்கொள்வார்களா என்றால் அதுவும் நிச்சயமில்லை. நஷ்டத்துக்குத்தான் இந்த வியாபாரம். நஷ்டம் தன்னோடு நின்றாலும் பரவாயில்லை, அதுவும் நிற்காது.

மண்டபத்துக்குத் திரும்பும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். 'நல்வரவு' இன்னும் எரிந்துகொண்டிருந்தது. டிராகனுக்குக் கண் ஒட்டியிருந்தார்கள். அவர் போய்ச் சினேகா பேர் எழுதிய மேசைக்குப் பின்னால், கடிதம் இல்லாத பையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தார். தலைக்கு மேலே பஞ்சம்மாள்.

புதிதாக வந்திறங்கிய கூட்டத்தில் ஒரு பெண், முதுகில் அட்டை இறக்கையோடு, மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து இங்கே நின்றாள். வெள்ளிக் கைகளைப் பார்த்தாள். சுவரில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"சூப்பரா இருக்கு அங்கிள். இவங்க யாரு? இவங்க கதை என்ன?"

பலவேசம் எழுந்து நின்றார். சட்டைப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது, எடுக்கவில்லை. எத்தனையோ மட்டச் சரக்கை உயர்ந்த சரக்கென்று நூறு பேர் நடுவில் கூசாமல் சொன்ன வாய், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தரம் திறந்து மூடியது.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ தாயி," என்றார். "இவ வெறகு பொறக்க வந்தவ இல்ல."